ஏழு நாள், ஒரு கொப்பி, இரண்டு வாளி: வீட்டுக் குசினியில் உலகச் சாப்பாட்டுக் கணக்கு எழுதுவது எப்படி

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் எங்களுக்கு ஒரு ஒப்படை தந்தார்கள். உலகச் சுற்றாடலும் உணவும் என்பது தலைப்பு. வந்தாறுமூலையில் பல்கலைக்கழக விடுதியில் இரண்டு இரவு முழித்திருந்து தேடி எழுதினேன். 2022இல் மட்டும் உலகத்தில் 105 கோடி தொன் சாப்பாடு வீசப்பட்டிருக்கிறது, அதில் 63 கோடி தொன் வீடுகளிலிருந்து போனது என்று ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. அடுத்த வருடம் ஏறத்தாழ 73 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்பது ஐ.நா.வின் இன்னொரு கணக்கு. எல்லாம் எழுதினேன், புள்ளியும் கிடைத்தது. ஆனால் ஒன்றும் மனதில் ஒட்டவில்லை, கோடி என்றால் கோடி, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை களுவாஞ்சிக்குடியில் வீட்டுக்கு வந்தபோது அம்மா முதல்நாள் சோற்றைப் பின்வளவில் கொட்டிக்கொண்டிருந்தார். காகங்கள் இறங்கின. வெள்ளை வெளேரென்று பானை வடிவத்திலேயே அந்தச் சோறு மணலில் குந்தியிருந்தது. அந்த 63 கோடியில் எங்கள் பானையும் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அதற்கு மறுநாள் தொடங்கியதுதான் இந்தக் கொப்பி. நான் செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் செய்து பாருங்கள்.

முதலில் வீட்டில் கதையுங்கள், இதை விட்டுவிட்டு நேரே வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போகாதீர்கள். நான் போனேன். "என்ன புள்ள, என்ட குசினியையா கணக்குப் பாக்குறாய்?" என்று அம்மா கேட்ட குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சமைக்கிறவரைப் பிழை பிடிக்கிற வேலை இல்லை இது. சாப்பிடுகிற எல்லோருடைய கணக்கும்தான். தட்டில் மிச்சம் வைத்தது நானும் தம்பியும், இரவுக்கு வரமாட்டேன் என்று சொல்லாமல் விட்டது அப்பா. அதை விளங்கப்படுத்திய பிறகு அம்மாவே வாளி எடுத்துத் தந்தார்.

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் சாப்பிட முடியாதவை: வெங்காயத்தோல், மீன்முள், கீரைத்தண்டு, பால் பிழிந்த தேங்காய்ப்பூ, முட்டைக்கோது. மற்றதில் சாப்பிட்டிருக்கக்கூடியவை: சோறு, கறி, பாண், புட்டு, அழுகிப்போன தக்காளி, மறந்துபோய்க் காய்ந்த கீரை. இந்தப் பிரிப்புத்தான் முக்கியம், ஏனென்றால் முதல் வாளியை நீங்கள் குறைக்க முடியாது, இரண்டாவதைத்தான் குறைக்கலாம். ஆணம், சொதி மாதிரித் தண்ணிச் சாமான்களை வாளிக்குள் ஊற்றாமல் ஒரு கோப்பையால் அளந்து எழுதுங்கள். கோழிக்கோ நாய்க்கோ போட்டதையும் எழுத வேண்டும். "அது வீணில்லையே" என்று அம்மா சொன்னார், உண்மைதான், ஆனாலும் சமைத்தது ஆட்களுக்கு. அதனால் பக்கத்தில் "கோழிக்கு" என்று ஒரு குறிப்புப் போட்டோம்.

ஒவ்வொரு இரவும் சட்டி கழுவுவதற்கு முன் நிறுங்கள். தராசு இல்லையா? ஒரு கம்பின் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், ஒரு முனையில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல், அது ஒரு கிலோ, மறுமுனையில் சாப்பாட்டுப் பை. தண்ணீரைக் கூட்டிக் குறைத்துச் சரிபார்த்தால் காணும், கிராம் சுத்தமாக வரவேண்டும் என்று இல்லை. வாளியோடு நிறுத்தால் வாளியின் நிறையைக் கழிக்க மறக்காதீர்கள், நான் முதல் நாள் மறந்தேன்.

ஏழு நாள் முடிய, ஐந்து பேருள்ள எங்கள் வீட்டில் இரண்டு வாளியும் சேர்த்து 9 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு வேண்டுமென்றால், அதே ஐ.நா. அறிக்கையில் உலகச் சராசரி ஆளுக்கு வருடத்துக்கு 79 கிலோ, அதாவது கிழமைக்கு ஒன்றரைக் கிலோ, ஐந்து பேருக்கு ஏழரைக் கிலோ. அதில் தோலும் முள்ளும் சேர்த்தி, அதனால் நீங்களும் இரண்டு வாளியையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். எங்களுக்குக் கூடியதற்கு ஒரு காரணம் தேங்காய்ப்பூவும் ஒரு நாள் வெட்டிய பலாக்காயும். ஆனால் இரண்டாவது வாளியில் மட்டும் 3 கிலோ, பாதிக்கு மேல் சோறு.

இனிக் கொப்பியின் மறுபக்கம். எனக்குப் பிடித்த பக்கம் இதுதான். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு சாமானும் எங்கே விளைந்தது என்று எழுதுங்கள், ஊர்ச் சாமானுக்கு "ஊ", வேறு மாவட்டத்துக்கு "மா", கப்பலில் வந்ததற்கு "க". பையில் அச்சடித்திருக்கும், இல்லாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். மீன், கூனி, முருங்கைக்கீரை, தயிர், அரிசி எல்லாம் "ஊ". கரட், லீக்ஸ் "மா". பருப்பு கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருந்து, பால்மா நியூசிலாந்திலிருந்து, செத்தல் மிளகாயும் பெரிய வெங்காயமும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. பாணுக்கு நான் முதலில் "ஊ" போட்டேன், பேக்கரி எங்கள் சந்தியில்தானே இருக்கிறது என்று. பிறகுதான் யோசித்தேன், இலங்கையில் கோதுமை விளைவதே இல்லை, திருகோணமலைச் சீனன்குடாவில் அரைக்கிற கோதுமையும் கப்பலில்தான் வருகிறது.

இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு பழைய செய்திகளைப் பாருங்கள். 2022 பெப்ரவரி 24 ரஷ்யா உக்ரைன் மீது முழுப்போர் தொடங்கியது, இரண்டு நாடும் உலகச் சந்தைக்குக் கோதுமை கொடுக்கிற நாடுகள். எங்கள் டொலர் தட்டுப்பாடும் அதோடு சேர்ந்தது, பாண் விலை ஏறியது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், அதாவது அதற்கு முந்திய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கியது 195 ரூபாய். 2023 டிசம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது, இங்கே கறிக்கு வெங்காயம் எண்ணிப் போட்டார்கள். கொப்பியில் "க" எத்தனை இருக்கிறதோ அத்தனை கயிறு உங்கள் குசினியை வெளிநாட்டோடு கட்டியிருக்கிறது.

"ஊ" போட்டதெல்லாம் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். மாமா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறார். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது, நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. அந்த மார்கழியில் நானும் வரம்பில் நின்று பார்த்தேன், பயிர் மஞ்சளாகி, பிடிக்குப் பிடி இடைவெளி விட்டு நின்றது. மாமா ஒரு இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. அறுவடைக்கு மூடைகள் பாதியாகத்தான் வந்தன. யூரியா உரம் செய்வது இயற்கை வாயுவிலிருந்து, அது வெளியிலிருந்து வருவது. ஆக எங்கள் ஊர் அரிசிக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு "க" போட்டேன். ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாக ஏறக்குறைய 2,500 லீற்றர் தண்ணீர் போகிறது, மழைநீரும் குளத்துநீரும் சேர்த்து. எங்கள் வாளியில் கிடந்த ஒன்றரைக் கிலோ சோற்றை அரிசியாக்கிப் பார்த்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும், அதற்கே ஆயிரம் லீற்றருக்கு மேல். மாமாவுக்கு நான் இதைச் சொல்லவே இல்லை.

சரி, குறைப்பது எப்படி? எங்கள் வீட்டில் வேலை செய்தவை இவை. எத்தனை பேர் இரவுக்குச் சாப்பிடுவார்கள் என்று மத்தியானமே கேட்டு, அரிசியை ஒரு சுண்டு குறைத்துப் போடுவது, இது ஒன்றே பாதிச் சோற்றை மிச்சப்படுத்தியது. மிஞ்சிய சோற்றைச் சூடாறியவுடன் தண்ணீர் ஊற்றி மூடி, காலையில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தயிர் போட்டுப் பழஞ்சோறாகச் சாப்பிடுவது, அம்மம்மா காலத்தில் இதைச் சொல்லித்தர ஆள் தேவைப்பட்டிருக்காது. புளித்த வாசம் வேறு, பழுதான வாசம் வேறு, சந்தேகம் என்றால் சாப்பிட வேண்டாம். கிழமையில் இரண்டு நாள் பாணுக்குப் பதில் அரிசிமாப் புட்டு. கீரையை வாங்கிய அன்றே சமைப்பது.

முதல் வாளியில் சேர்வதற்கு ஒரு உரவாளி. கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், எங்கள் மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது, கத்தரிக் கன்று நட்டால் பத்து மணிக்கே வாடும். பசளை சேர்த்தால்தான் ஈரம் பிடிக்கும். அடியில் துளையிட்ட பழைய பெயின்ற் வாளி காணும். ஒரு பிடி குசினிக் கழிவுக்கு மூன்று பிடி காய்ந்த இலை, நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரவேண்டும், ஒழுகினால் இலை கூட்டுங்கள், தூளாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நாறினால் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். காற்றில்லாமல் அழுகினால்தான் மெதேன் வரும், 100 வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 28 மடங்கு சூடேற்றுகிற வாயு. மீன் கழிவை இதில் போடாதீர்கள், இலையானும் நாயும் வரும், தென்னைக்கடியில் முழங்கை ஆழத்தில் புதையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் மணத்தோடு பசளை கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், சாப்பாட்டுக் கழிவைச் சொப்பிங் பையில் கட்டி வீசாதீர்கள். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் குப்பை கொட்டுகிற இடத்துக்கு யானைகள் சாப்பாட்டு மணத்துக்கு வருகின்றன, பையோடு விழுங்குகின்றன. 2022 ஜனவரி வரையான எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் அங்கே செத்தன. நாம் கட்டுகிற முடிச்சை யானையால் அவிழ்க்க முடியாது.

கொப்பியை ஒரு கிழமையோடு மூடிவிட வேண்டாம். சித்திரைப் புத்தாண்டுக் கிழமையில் ஒருமுறை எழுதுங்கள், விருந்தாளிகள் வந்தால் இரண்டாவது வாளி எவ்வளவு கூடுகிறது என்று தெரியும். பிறகு கார்த்திகை மழையில் ஒருமுறை, வெள்ளம் வந்து பாதை மூடி மரக்கறி லொறி வராத நாட்களில் "மா" போட்ட சாமான்கள் எத்தனை காணாமல் போகின்றன என்று பாருங்கள். அந்த மாதத்தில் உரவாளியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள், வளவில் தண்ணீர் மேலே வந்துவிடும்.