ஸ்டீரிங்கில் சத்தமா? ரேக்கை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

எங்கள் ஷெட் நாமக்கல்லில் இருக்கிறது. "ரேக் போயிடுச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க" என்று கவலையோடு வருபவர்கள் நிறைய. ஸ்டீரிங்கின் திருப்பலை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்சட்டம்தான் ரேக். அந்த வண்டிகளில் பாதிக்கு மேல் ரேக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்டீரிங்கைத் திருப்பும்போது சத்தம் வருவதால் ஸ்டீரிங்கையே சந்தேகப்படுகிறோம். ஆனால் அதோடு சேர்ந்து முன்சக்கரம், ஸ்பிரிங், ஆக்சில் எல்லாமே அசைகின்றன. ரேக் விலை உயர்ந்த சாமான். அதற்குக் காசு கொடுக்கும் முன் அரை மணி நேரம் செலவழித்துப் பாருங்கள்.

முதல் கேள்வி, வண்டி நிற்கும்போதே சத்தம் வருகிறதா, ஓடும்போது மட்டும் வருகிறதா? சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, வீட்டில் யாரையாவது ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள்.

நின்ற இடத்திலேயே 'டங்' என்று வந்தால் எனக்கு முதலில் ஸ்ட்ரட் பேரிங் மேல்தான் சந்தேகம். முன் ஷாக் அப்சார்பரின் தலையில், ரப்பர் மவுண்டுக்கு அடியில் இருக்கும் சின்ன பேரிங் அது. மழைத்தண்ணியும் சேறும் போய்த் துருப்பிடித்துவிடும். டயருக்கு மேலாகக் கையை விட்டு, காயில் ஸ்பிரிங்கை விரல் நுனியால் வெளிப்பக்கம் மட்டும் தொடுங்கள். சுருளுக்கு நடுவே விரல் போகக்கூடாது, டயர் திரும்பும்போது முழங்கையும் மாட்டக்கூடாது. பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் சக்கரத்தோடு வழுக்கிக்கொண்டு சுழலும். கெட்டிருந்தால் கொஞ்ச தூரம் சுழலாமல் முறுக்கிக்கொண்டு நின்று, சட்டென்று துள்ளும். அந்தத் துள்ளலும் 'டங்'கும் ஒரே நேரத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், மவுண்ட் ரப்பரையும் சேர்த்து. ஆனால் இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெசர் கருவி போடாமல் தலை நட்டைக் கழற்றினால் அது தெறித்து ஆளையே அடித்துவிடும்.

திருப்பும்போது 'ஊஊ' என்று முனகினால் அது எந்த வகை பவர் ஸ்டீரிங் என்று பாருங்கள். பழைய இன்னோவா, ஸ்கார்பியோ, பொலேரோ போன்றவற்றில் ஆயில் டப்பா இருக்கும். அளவு குறைந்திருந்தால், மூடியிலோ மேனுவலிலோ போட்டிருக்கும் ஆயிலையே ஊற்றுங்கள். டப்பாவுக்குள் நுரை தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது. பம்ப்புக்குப் போகும் ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் போடாமல் கோடிக்குக் கோடி பலமுறை திருப்பினால் காற்று வெளியேறும். கோடியில் பிடித்து வைத்திருக்கும்போது மட்டும் முனகினால் அது கோளாறு இல்லை, அதிக அழுத்தத்தை வெளியேற்ற பம்ப்பின் வால்வு திறக்கிறது. ஆனால் ஐந்து விநாடிக்கு மேல் அப்படிப் பிடிக்காதீர்கள், பம்ப் சூடாகும். எலக்ட்ரிக் ஸ்டீரிங்கில் மோட்டாரின் மெல்லிய ரீங்காரம் வழக்கம்தான். டேஷ்போர்டில் ஸ்டீரிங் லைட் எரிந்தால் ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி ஓடும்போது வரும் சத்தம். காலி மைதானத்தில் ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், இடமும் வலமும். வேகத்தோடு கூடிக் குறையும் 'டக்டக்டக்' வந்தால் அது சி.வி. ஜாயின்ட், அதாவது ஆக்சிலைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு. பெரும்பாலும் வட்டத்தின் வெளிப்பக்கச் சக்கரத்தில்தான் கேட்கும். குனிந்து பூட்டை, அதாவது ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையைப் பாருங்கள். கிழிந்திருந்தால் ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் சிதறியிருக்கும். சத்தம் ஆரம்பிக்கும் முன்பே கிழிசலைக் கண்டுபிடித்தால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும், ஜாயின்ட் பிழைத்துவிடும். கிழிந்த பூட்டோடு கொல்லிமலைக்கு ஏறிவிடாதீர்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த ஜாயின்ட் மணலை அரைத்துக்கொண்டே போகும்.

பள்ளத்தில் 'லொடக் லொடக்' என்றால் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் வெளிமுனையான டை ராட் எண்டோ, உள்முனையான ரேக் எண்டோ போயிருக்கிறது. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால், சக்கரத்தை அதைத் தாங்கும் லோயர் ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இந்த ஆட்டத்தோடு வண்டியை ஓட்டவே கூடாது. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

'கீச்' சத்தத்துக்கு லோயர் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் அடங்கினால் ரப்பர்தான். இன்ஜின் ஆயில் ஊற்றுவது நம்மூரில் பழக்கமாகிவிட்டது. அது ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஸ்டீரிங் வீலுக்குள்ளேயே 'சரசர'வென்று உரசி, ஹாரன் விட்டுவிட்டு அடித்தால் கிளாக் ஸ்பிரிங், அதாவது ஸ்டீரிங் வீலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் பட்டை. பக்கத்திலேயே ஏர்பேக் இருப்பதால் தெரிந்தவரிடம் விடுங்கள்.

டை ராட் எண்டை நீங்களே மாற்றுவதாக இருந்தால், கழற்றும் முன் லாக் நட் நிற்கும் இடத்தில் மரையில் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். புதியதை அந்தக் கோடு வரை ஏற்றினால், அலைன்மென்ட் கடை வரை வண்டி ஓரளவு நேராகப் போகும். அன்றைக்கே அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் டயர் ஒருபக்கம் தேயும்.