ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு

விசா வந்தாயிற்று, விசாவுக்காகக் காட்டும் பிளாக்டு அக்கவுண்டில் பணம் போட்டாயிற்று, அம்மா பெட்டிக்குள் ஊறுகாய்க்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் பனிமய மாதா படத்தையும் சொருகிவிட்டார்கள். அந்தப் படத்தை எங்கே வைப்பது என்று அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு படிவம் இருக்கிறது, அதில்தான் நம் பிள்ளைகள் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். அதில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. கத்தோலிக்கர் என்றால் ‘ஆர்.கே.’ என்று இரண்டெழுத்து. அதை எழுதினால் சம்பாதிக்கத் தொடங்கியதும் திருச்சபை வரி பிடிப்பார்கள், அதனால் சீனியர்கள் எல்லாரும் ஒரே குரலில், “ஒண்ணும் இல்லைன்னு போடு, காசு மிச்சம்” என்பார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். சில வருடம் கழித்து நண்பன் தன் குழந்தைக்கு ஞானத்தந்தையாக இருக்கச் சொன்னான், பங்கு அலுவலகத்தில் இருந்த அம்மா நான் குடியிருக்கும் பங்கிலிருந்து ஒரு சான்று வாங்கி வரச் சொன்னார், அங்கே போய்க் கேட்டால் பதிவேட்டில் என் பெயரே இல்லை. பிறந்து எட்டாம் நாள் ஞானஸ்நானம் வாங்கி, பத்து வருடம் பீடத்தில் பூசை உதவி செய்தவன், மேசைக்கு முன்னால் நின்று ‘நான் கத்தோலிக்கன்தான்’ என்று நிரூபிக்க ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் சான்றிதழ் வரக் காத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

சரி, வரி எவ்வளவு? சம்பளத்தில் ஒன்பது சதவீதம் என்று ஒரு வதந்தி ஓடுகிறது, நம்பாதீர்கள். நீங்கள் கட்டும் வருமான வரியில் 9 சதவீதம், பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பர்கிலும் 8 சதவீதம். மாதம் 500 யூரோ வருமான வரி போனால் திருச்சபைக்கு 45 யூரோ, மியூனிக்கில் இருந்தால் 40. வருமான வரியே இல்லாத மாணவருக்கு இதுவும் இல்லை. கட்டியதை ஆண்டுக் கணக்கில் கழிவாகவும் காட்டலாம். தவறிப்போய் ‘இல்லை’ என்று போட்டவர்கள் ஞானஸ்நானச் சான்றிதழோடு போய்த் திருத்திக்கொள்ளலாம். ஆனால் கத்தோலிக்கராகப் பதிந்த பிறகு வரிக்குப் பயந்து அரசு அலுவலகத்தில் முறைப்படி விலகுவது வேறு விஷயம். அப்படி விலகியவருக்கு, சாகக் கிடக்கும் நிலை தவிர, பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் கிடையாது, ஞானப்பெற்றோராக இருக்கவும் முடியாது என்று ஜெர்மன் ஆயர்கள் 2012-லேயே ஆணை போட்டுவிட்டார்கள். இது சரியா என்று அங்கேயே பெரிய வாக்குவாதம், எனக்கும் கடுமையாகத்தான் படுகிறது, ஆனால் விதி அதுதான். ஆக, புறப்படும் முன்பு பங்குச் சாமியாரிடம் போய் ஞானஸ்நானம், உறுதிபூசுதல் இரண்டுக்கும் சான்றிதழ் வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள். கல்யாணத்துக்குப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் புதிதாக எழுதிக் கொடுத்த சான்றிதழ்தான் கேட்பார்கள், அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கோவில். போன முதல் ஞாயிறே போய்விடுங்கள், ‘செட்டில் ஆன பிறகு’ என்று நினைத்தவர்கள் யாரும் செட்டில் ஆகவில்லை. உள்ளே நுழைந்ததும் மனது கொஞ்சம் விழும். நம் ஊரில் வாசற்படி வரை நிற்கும் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஆயிரம் பேர் உட்காரும் கோதிக் கோவிலில் அறுபது தலை, அதில் ஐம்பது நரை. 2022-ல் மட்டும் ஐந்து லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து முறைப்படி விலகினார்கள், 2024-ல் அது மூன்று லட்சத்து இருபதாயிரம். இரண்டு கோடிக்குச் சற்றுக் குறைவாகக் கத்தோலிக்கர் மிச்சம், அவர்களிலும் ஞாயிறு பூசைக்கு வருவது நூற்றுக்கு ஆறேழு பேர். ஆனால் இதைப் பார்த்து ‘இவர்களுக்கு விசுவாசமே இல்லை’ என்று தீர்ப்பு எழுதாதீர்கள். ஊரில் நாம் பூசைக்குப் போனது எவ்வளவு விசுவாசத்தால், எவ்வளவு அம்மா முதுகில் ஒன்று வைத்ததால் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இங்கே வருகிற அறுபது பேரையும் யாரும் எழுப்பி அனுப்பவில்லை.

பல்கலைக்கழக ஊர்களில் கத்தோலிக்க மாணவர் சமூகம் இருக்கும், காஹாகே அல்லது காஎஸ்கே என்று பெயர். பூசை முடிந்து சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவார்கள், முதல் செமஸ்டரில் ஜெர்மன் பேசிப் பழக அதைவிட மலிவான வகுப்பு இல்லை. இரண்டாம் வாரமே ‘வாசகம் வாசிக்கட்டுமா’ என்று கேளுங்கள், அல்லது பாடற்குழுவில் சேருங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து திரும்புகிறவன் மூன்றாம் மாதம் காணாமல் போகிறான், ஒரு வேலை கையில் இருப்பவனைத் தேடி ஆள் வரும். தமிழ்ப் பூசையும் பல நகரங்களில் உண்டு, ஈழத்திலிருந்து வந்த மக்கள் கட்டிக் காத்தது. மாதம் ஒரு முறை அங்கே போங்கள், மற்ற ஞாயிறு உள்ளூர்ப் பங்குக்கு. தமிழ்ப் பூசைக்கு மட்டும் போனால் ஞாயிறு ஊர், திங்கள் ஜெர்மனி என்று வாழ்க்கை இரண்டாகப் பிளந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தப் படம். மேசைமேல், லேப்டாப்புக்குப் பக்கத்தில், வீடியோ காலில் தெரியும் இடத்தில் வையுங்கள். அலமாரிக்குள் வைத்தால் நீங்களும் அலமாரிக்குள் போய்விடுவீர்கள். அறைத் தோழன் கேட்டால், “எங்கள் ஊர் மாதா, ஆகஸ்ட் 5 திருவிழா, அதற்குப் பத்து நாள் முன்னால் கொடியேற்றுவோம்” என்று சொன்னால் போதும், அவன் தேர் இழுக்கும் வீடியோ கேட்பான். இங்கே யாரும் மதத்தைப் பற்றிச் சண்டை போட வருவதில்லை, அதுதான் சிக்கலே. எதிர்ப்பு இருந்தால் வீம்புக்காவது பிடித்துக்கொண்டிருப்போம். யாரும் கண்டுகொள்ளாத இடத்தில் சும்மா நழுவிவிடும்.

நழுவாமல் இருக்க நான் கண்ட வழி, நம்பிக்கையை நேரத்திலும் உடம்பிலும் கட்டிப்போடுவது. பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம், இரண்டே இரண்டு. ஒன்று ஜெபமாலை. ஐம்பத்து மூன்று மணி சொல்ல இருபது நிமிடம் ஆகும், என் டிராமும் இருபது நிமிடம். சட்டைப் பையில் கைவிட்டு மணியை உருட்டிக்கொண்டு, பாட்டி சொல்லும் அந்தப் பழைய ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியே’யில் தொடங்கி, ஏழாவது நிறுத்தத்தில் மூன்றாம் தேவ ரகசியம். தமிழிலேயே சொல்லுங்கள். ஜெர்மனில் ஒப்பிக்கலாம், ஆனால் காய்ச்சல் வந்த ராத்திரி வாயில் வருவது எதுவோ அதுதான் உங்கள் ஜெபம்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை. இறைச்சி வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தவக்காலத்தில் மட்டுமாவது. வீகன் நண்பர்கள் நிறைந்த மேசையில் இதற்கு யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் பல மென்ஸாக்களில், அதாவது பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடங்களில், இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான் மீன் போடுகிறார்கள். ஏன் என்று தட்டு ஏந்தி நிற்கும் பையனிடம் கேளுங்கள், தெரியாது என்பான். நாடு மறந்ததைச் சமையலறை மறக்கவில்லை. இப்படி இன்னும் நிறைய இருக்கிறது: ஞாயிறு கடை மூடியிருக்கும், அதற்கு அரசியல் சாசனத்திலேயே பாதுகாப்பு. ஆண்டவர் விண்ணேறிய வியாழன் நாடு முழுக்க விடுமுறை. ஜனவரியில் சிறுவர்கள் மூன்று ராஜாக்கள் வேடத்தில் வந்து பாடி, உண்டியல் குலுக்கி, வாசல் நிலையில் சுண்ணக்கட்டியால் ‘20*சி+எம்+பி+26’ என்று எழுதுவார்கள், கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக என்பதன் லத்தீன் முதலெழுத்துகள், இரு பக்கமும் வருடம். பங்கில் முன்னரே பெயர் கொடுத்தால் உங்கள் மாணவர் விடுதிக்கும் வருவார்கள். என் கதவில் எழுதியதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறை ஈரானியப் பெண் அது வைஃபை பாஸ்வேர்டா என்று கேட்டாள்.

குருத்தோலை ஞாயிறுக்குத் தென்னங்குருத்து எதிர்பார்க்காதீர்கள், பூனைவால் மாதிரி மொட்டுவிட்ட வில்லோக் கிளைதான். மாதா விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15 பெரும்பாலான இடங்களில் வேலைநாள், மாலைப் பூசை பார்த்து வையுங்கள்.

கேள்விகள் வரும். “நீ இன்ஜினியர், இதையெல்லாம் நம்புகிறாயா?” என்பது லேசானது, “ஆமாம்” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கலாம், வாதாடத் தேவையில்லை. கனமானது மற்றொன்று: “குழந்தைகளுக்கு அவ்வளவு பாலியல் கொடுமை செய்த சபையில் எப்படி இருக்கிறாய்?” இதற்கு மழுப்பாதீர்கள். ‘எல்லா இடத்திலும் நடக்கிறது’ என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள், எதிரே இருப்பவரின் அண்ணனோ மாமாவோ அதில் ஒருவராக இருக்கலாம். ஆயர்கள் கேட்டுச் செய்த ஆய்வே 2018-ல் வெளிவந்தது, 1946 முதல் 2014 வரையிலான கோப்புகளில் 3,677 பேர் பாதிக்கப்பட்டவர்கள், 1,670 குருக்களும் திருத்தொண்டர்களும் குற்றம் சாட்டப்பட்டவர்கள். அந்த எண்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு, ‘உண்மைதான், எனக்கும் வெட்கமாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். நான் ஏன் இன்னும் இருக்கிறேன் என்று அப்புறம் அவர்களே கேட்டால் சொல்லலாம்.

இணையம் பற்றியும் ஒரு வார்த்தை. தனிமையில் இருக்கும் பையன்களை யூடியூப் நேராகப் பழைய முறை லத்தீன் பூசைக்குக் கூட்டிப் போகிறது. எனக்கு அந்தப் பூசை பிடிக்கும், தாத்தா சிறுவயதில் அதற்குத்தான் உதவி செய்தார், சாகும்வரை அந்த லத்தீன் பதில்கள் அவருக்கு மனப்பாடம். ஆனால் போகும் முன்பு யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள்: புனித பேதுருவின் குருக்கள் சபை ரோமோடு முழு ஒன்றிப்பில் இருப்பது, பத்தாம் பயஸ் சபையின் நிலை அப்படியில்லை. 2021-க்குப் பிறகு இந்தப் பூசைக்குக் கட்டுப்பாடுகள் கூடியிருப்பதால் இடங்கள் குறைவு. அப்புறம், பூசை முடிந்து வெளியே வந்ததும் யாரையாவது திட்டவேண்டும் போல இருந்தால், அந்த வாரம் யூடியூபுக்கு விடுப்பு கொடுத்துவிட்டு மாணவர் சமூகத்தில் வெங்காயம் நறுக்கப் போங்கள்.

கடைசியாக, ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமையைக் கேவலாருக்கு ஒதுக்குங்கள். ஹாலந்து எல்லைக்குப் பக்கத்தில் சின்ன ஊர், 1642 முதல் மாதா திருத்தலம், அங்கே வணங்கும் படம் தபால் அட்டை அளவுகூட வராத ஒரு காகித அச்சு. வருடா வருடம் ஆயிரக்கணக்கான தமிழர் கூடும் நாள் அது. ஈழத்து அம்மாக்கள் பட்டுச்சேலையில், அவர்களில் சைவக் குடும்பங்களும் நிறைய, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நெற்றியில் கைவைத்துக் கும்பிடுவார்கள், ஜெர்மன் யாத்திரிகர்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள். டூசல்டோர்ஃபிலிருந்து ஆர்.இ.10 ரயில், மாதச் சீட்டான ஜெர்மனி டிக்கெட் செல்லும். தேதியை ஜூலையிலேயே விசாரித்துவிடுங்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு மட்டும் கட்டிக்கொண்டு போக வேண்டாம், யாராவது ஒரு அக்கா கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்.