4×5 கேமராவையே என்லார்ஜராக மாற்றிக்கொள்வது எப்படி

நெகட்டிவில் உள்ள படத்தை ஒளியுணர் பேப்பரில் பெரிதாக விழச் செய்து பிரதி எடுக்கும் கருவி என்லார்ஜர். 4×5 அங்குல நெகட்டிவை ஏற்கும் என்லார்ஜர் கனமானது, இடத்தை அடைப்பது, பழைய பொருள் சந்தையிலும் எளிதில் அகப்படாதது. ஆனால் அந்த அளவு பிலிமில் படம் எடுப்பவரிடம் அதன் பாதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு முனையில் பிலிம், மறுமுனையில் லென்ஸ், இடையில் ஒளி புகாத துருத்தி என்ற அமைப்பு இரண்டுக்கும் பொதுவானது. பிலிமுக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்தால் ஒளியின் திசை மட்டும் மாறிவிடுகிறது. அமெரிக்காவின் கிராஃப்ளெக்ஸ் நிறுவனம் தன் கேமராக்களின் பின்புறத்தில் மாட்டுவதற்கென்றே கிராஃப்லார்ஜர் என்ற விளக்குப் பெட்டியை விற்றது. இங்கிலாந்தின் இன்ட்ரெபிட் நிறுவனம் அண்மையில் அதே யோசனையை எல்.இ.டி. விளக்கோடு கொண்டுவந்தது. வீட்டிலேயே செய்துகொள்ளும்போது விளக்கும் லென்ஸும் விரைவில் அமைந்துவிடும். நெகட்டிவ், லென்ஸ், பேப்பர் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று இணையாக நிறுத்துவதில்தான் பெரும்பகுதி உழைப்பு போகும்.

விளக்குப் பெட்டியை நெகட்டிவைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலமாவது பெரியதாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் படத்தின் மூலைகள் இருண்டுபோகும். அலுமினியத் தகட்டில் வெள்ளை எல்.இ.டி. பட்டைகளை நெருக்கமாக ஒட்டி, அதிலிருந்து 3 அல்லது 4 செ.மீ. தள்ளி 3 மி.மீ. தடிமனுள்ள பால்வெள்ளை அக்ரிலிக் பலகையைப் பொருத்தலாம். கடைப் பெயர்ப்பலகை செய்பவர்களிடம் இது துண்டாகவே கிடைக்கும். பெட்டியின் உட்சுவர்கள் வெள்ளையாக இருக்கட்டும். அக்ரிலிக்குக்கும் நெகட்டிவுக்கும் நடுவே ஒரு செ.மீ. இடைவெளி விட்டால் அக்ரிலிக் மேல் படியும் தூசி படத்தில் தெரியாது. ஒளியின் நிறத்துக்கேற்ப மாறுபாடு மாறும் மல்டிகிரேடு பேப்பருக்குத் தேவையான நீலமும் பச்சையும் வெள்ளை எல்.இ.டி.யில் இருப்பதால், வழக்கமான வடிகட்டிகளை லென்ஸுக்குக் கீழே பிடித்து மாறுபாட்டை (கருப்பு வெள்ளை வேறுபாட்டை) கூட்டிக் குறைக்கலாம். சுவிட்சை அடாப்டருக்கும் எல்.இ.டி.க்கும் இடையில் வைப்பது நல்லது. சுவரிலுள்ள மின் இணைப்பில் வைத்தால் அடாப்டர் விழித்துக்கொள்ளும் நேரமும் எக்ஸ்போஷரில் (பேப்பரில் ஒளி விழும் நேரத்தில்) சேர்ந்துவிடும்.

கேமராவின் பின்புறத்தில் படம் பார்க்க உதவும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸின் சட்டத்தைக் கழற்றி, அதே அளவில் வெட்டிய ஒட்டுப்பலகையில் நெகட்டிவ் தாங்கியையும் விளக்குப் பெட்டியையும் அமைத்துப் பொருத்த வேண்டும். போகஸ் இங்கே பேப்பர் இருக்கும் இடத்தில் பார்த்துச் சரிசெய்யப்படுவதால், நெகட்டிவ் பழைய பிலிம் தளத்திலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த அளவு பிலிம் நடுவில் தொய்யும் என்பதால் இரு கண்ணாடிகளுக்கு இடையே வைப்பதே பாதுகாப்பு. மங்கலான எமல்ஷன் (படம் பதிந்த பூச்சு) பக்கம் லென்ஸை நோக்க வேண்டும். வழவழப்பான மறுபக்கத்தில் வானவில் வளையங்கள் தோன்றக்கூடும், அவற்றைத் தவிர்க்க அந்தப் பக்கம் ஆன்ட்டி-நியூட்டன் கண்ணாடி (அந்த வளையங்கள் தோன்றாதபடி மேற்பரப்பு லேசாகச் சொரசொரப்பாக்கப்பட்டது) தேவைப்படும். பிலிமின் ஓரத்தைச் சுற்றிலும் கறுப்புத் தாளால் மறைத்துவிடுங்கள்.

லென்ஸாக 135 அல்லது 150 மி.மீ. என்லார்ஜிங் லென்ஸ் சிறந்தது. கேமரா லென்ஸையே பயன்படுத்தினால், அது தொலைவுக் காட்சிகளுக்காகச் செய்யப்பட்டது என்பதால் ஓரங்களில் கூர்மை குறையும். லென்ஸின் ஒளித்துளையை எஃப் 16 அளவு வரை மூடினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். 150 மி.மீ. லென்ஸில் 2 மடங்குப் பெரிதாக்கத்துக்கு, அதாவது 8×10 பிரதிக்கு, லென்ஸிலிருந்து பேப்பர் 450 மி.மீ., நெகட்டிவ் 225 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டும். 4 மடங்குக்கு அவை முறையே 750, 187.5 மி.மீ. ஆகும். கேமராவைத் தாங்கும் கம்பத்தின் உயரத்தை இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.

கேமராவை முக்காலியில் நிறுத்தினால் அதன் கால்கள் ஈசலுக்கு (பேப்பரைத் தட்டையாகப் பிடிக்கும் பலகைக்கு) இடைஞ்சல் செய்யும். சுவரில் திருகி முடுக்கிய தடித்த மரக்கம்பமோ கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் கனமான காப்பி ஸ்டாண்டோ நல்லது. உயரம் போதாத அறையில் கேமராவை மேசைமேல் படுக்கைவாக்கில் வைத்துச் சுவரில் படத்தை விழச் செய்யலாம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸின் பெரிய என்லார்ஜரும் தண்டவாளத்தில் நகரும் இத்தகைய கிடைமட்ட அமைப்புதான். வெளிப்புறத்தில் இந்த வகைக் கேமராவுக்குப் பெருமை சேர்க்கும் சாய்வும் திருப்பமும் இங்கே தொல்லை. எல்லாவற்றையும் நடுநிலைக்குக் கொண்டுவந்து இறுக்கிவிட வேண்டும். கேமரா கீழ்நோக்கி இருக்கையில் லென்ஸைத் தாங்கும் முன்சட்டம் தன் எடையாலேயே நழுவும் என்பதால் அதன் பூட்டைத் தனியாகச் சோதியுங்கள்.

முதலில் ஈசலிலும், பிறகு நெகட்டிவ் தாங்கியிலும் லென்ஸ் பலகையிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மேசை சாய்ந்திருந்தாலும் பாதகமில்லை, மூன்றும் ஒரே சாய்வில் இருந்தால் போதும். ரசமட்டத்தைவிட நுட்பமானது கண்ணாடி முறை. ஈசல்மேல் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து, இன்னொன்றின் பின்புற ரசத்தை நடுவில் மிளகளவு சுரண்டி, அதை லென்ஸ் கழற்றிய பலகையில் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்து, மேலிருந்து அந்தத் துளை வழியே பார்க்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கடுக்காகத் தெரியும் பிம்பங்கள் ஒரே மையத்தில் நின்றால் இரு தளங்களும் இணை. ஒரு பக்கமாக வளைந்து ஓடினால் மெல்லிய தாள் துண்டைச் செருகித் திருத்தலாம். நெகட்டிவ் தாங்கியிலும் இதையே செய்யுங்கள். பின்னர் ஒளிபட்டுக் கறுத்த பிலிமின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஊசியால் கீறி, லென்ஸை முழுதாகத் திறந்து, ஐந்து கீறல்களும் ஒருசேரக் கூர்மையாகின்றனவா என்று பாருங்கள்.

லென்ஸை மூடி, விளக்கை எரியவிட்டு, ஈசலில் பேப்பரை வைத்து அதன்மேல் நாணயங்களைப் பரப்பி 5 நிமிடம் கழித்து டெவலப் செய்தால், நாணயத்தின் வெள்ளை வட்டம் எங்காவது தெரிந்தால் ஒளிக்கசிவு இருக்கிறது என்று பொருள். இருட்டறையின் மங்கலான பாதுகாப்பு விளக்கான சேஃப்லைட்டை அணைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும். கசிவை அடைத்த பின், நெகட்டிவ் இல்லாமல் இளஞ்சாம்பலாக ஒரு தாளை எக்ஸ்போஸ் செய்து ஒளி சீராக விழுகிறதா என்று பாருங்கள்.

பிரதியின் அளவை மாற்றும்போது, பெரிதாக்க மடங்கோடு ஒன்றைக் கூட்டி, அதன் வர்க்கத்துக்கு ஏற்ப நேரத்தை மாற்ற வேண்டும்: 2 மடங்கில் 10 விநாடி பிடித்த நெகட்டிவுக்கு 4 மடங்கில் 9க்கு 25 என்ற விகிதத்தில் ஏறத்தாழ 28 விநாடி ஆகும், சோதனைத் துண்டை (சரியான நேரத்தைக் கண்டறிய வெவ்வேறு நேரங்களில் ஒளி படவைக்கும் பேப்பர் துண்டை) அங்கிருந்து தொடங்கலாம்.