பழைய மடிக்கணினிக்கு வைஃபை கார்டு: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

லிப்ரெபூட் (கணினியைத் தொடக்கிவைக்கும் பயோஸுக்குப் பதிலான கட்டற்ற மென்பொருள்) போட்ட லெனோவா திங்க்பேட் எக்ஸ்200 போன்ற மடிக்கணினியில் டிரிஸ்குவல் போன்ற முழுக்கக் கட்டற்ற லினக்ஸை நிறுவியவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் வைஃபை: அது வேலை செய்யாது. பெரும்பாலும் இது பழுதன்று. இன்டெல் வைஃபை கார்டு இயங்க, மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) ஒன்று வேண்டும். இந்த லினக்ஸ் வகைகள் அதைச் சேர்ப்பதில்லை. 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் அதை நிறுவல் கோப்பிலேயே தருகிறது. அது உங்களுக்குச் சம்மதம் என்றால் கார்டை மாற்றும் வேலையே இல்லை.

படி 1: இப்போது இருப்பது எது?

டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ -என்என்’ என்ற கட்டளையைச் சிறிய ஆங்கில எழுத்தில் கொடுங்கள். நெட்வொர்க் வரியில் 8086 என்று தொடங்கும் எண் இருந்தால் இன்டெல். 168சி என்றால் அதெரோஸ் நிறுவனத்தின் சிப்.

படி 2: சிப்பைத் தேர்ந்தெடுங்கள்

பெட்டியில் உள்ள நிறுவனப் பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் வரும் கார்டின் அடுத்த பதிப்பில் வேறு சிப் இருக்கலாம். நமக்கு வேண்டியது, ஃபர்ம்வேர் கோப்பே கேட்காத ‘ஏடிஎச்9கே’ டிரைவரில் ஓடும் அதெரோஸ் சிப். ஏஆர்9285 மலிவுதான், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடியில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள்: மேல் மாடி, கீழ் மாடி, எதிர் வீடு என்று அத்தனை ரவுட்டர்களும் அந்த அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் ஏஆர்9280, ஏஆர்9380 அல்லது ஏஆர்9462ஐ வாங்குங்கள். ஏஆர்9462இல் புளூடூத்தும் உண்டு. அந்தப் பகுதிக்கு மட்டும் மூடிய ஃபர்ம்வேர் தேவைப்படும்.

இவை 802.11என் தலைமுறைக் கார்டுகள். இரண்டு ஆன்டெனாவுடன் ஏட்டளவில் நொடிக்கு 300 மெகாபிட், நடைமுறையில் அதற்கும் கீழே. வீட்டில் 1 கிகாபிட் ஃபைபர் வைத்திருப்பவருக்கு இது எரிச்சலூட்டலாம். காணொளி பார்க்க இது தாராளம். பெரிய கோப்புகளை இறக்க கேபிளைச் செருகிக்கொள்ளுங்கள். எக்ஸ்200இன் கிகாபிட் ஈதர்நெட் கட்டற்ற டிரைவரிலேயே ஓடுகிறது.

படி 3: அளவும் அனுமதியும்

எக்ஸ்200 காலத்து மடிக்கணினிகளில் இருப்பது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை. அரை நீளக் கார்டு சுமார் 27 மில்லிமீட்டர், முழு நீளம் சுமார் 51. முழுத் துளையில் அரைக் கார்டைப் பொருத்தச் சிறிய உலோக நீட்டிப்பு கிடைக்கும். புதிய எம்.2 கார்டு இதில் நேரடியாகச் செல்லாது.

லெனோவாவின் பழைய பயோஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் 1802 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். லிப்ரெபூட்டில் அந்தத் தடை இல்லை. ஆகவே முதலில் பயோஸை மாற்றுங்கள், கார்டு பிறகு.

படி 4: வாங்குதல்

மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இவ்வளவு பழைய சரக்கு, பழைய பொருள்களை விற்கும் கரோசெல் தளத்தில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். கார்டின் ஸ்டிக்கர் தெளிவாகத் தெரியும் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் விலையோடு ஜிஎஸ்டியையும் கணக்கில் கொள்ளுங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும் அது உண்டு.

படி 5: பொருத்துதல்

மின்கம்பியையும் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். எக்ஸ்200இல் கீபோர்டையும் கைவைக்கும் பலகையையும் எடுத்தால் கார்டு தெரியும். எந்த ஆன்டெனா கம்பி எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு, அதன் பித்தளை முனையை நகத்தால் நேர் மேலாகத் தூக்குங்கள். கம்பியைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். திருகைக் கழற்றியதும் கார்டு சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில் செருகி, அழுத்தித் திருகி, கம்பிகளை ‘டிக்’ என்று ஒலிக்கும்வரை பொருத்துங்கள்.

மீண்டும் படி 1இன் கட்டளை. 168சி தெரிந்தும் வைஃபை பட்டியல் காலியாக இருந்தால், மடிக்கணினியின் விளிம்பில் உள்ள வயர்லெஸ் சுவிட்சைப் பாருங்கள். கழற்றி மாட்டும்போது அது அணைந்திருக்கக்கூடும்.