பழைய அமெரிக்கக் கார்களில் இறுகிப்போன சாவிப் பூட்டைச் சரிசெய்தல்

பழைய அமெரிக்கக் காரில் எஞ்சினை இயக்கும் சாவி திரும்ப மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். உள்ளே ஒடிந்த சாவியை எடுப்பது இதைவிடப் பெரிய வேலை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பயணியர் கார்களில் 1969 மாடல் முதல் பூட்டை டாஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு மாற்றியது; அது ஸ்டீயரிங்கையும் சேர்த்தே பூட்டும். ஆகையால் அத்தகைய கார்களில் முதலில் ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்ல அசைத்தபடி சாவியைத் திருப்பிப் பாருங்கள்; சக்கரங்களின் அழுத்தமே பூட்டைப் பிடித்துவைத்திருக்கலாம். அப்போதும் இறுக்கம் தளராவிட்டால், பேட்டரியின் எதிர்மின்முனைக் (−) கம்பியைக் கழற்றிவிட்டு, மின்தொடர்புகளைத் துப்புரவாக்கும் திரவத்தைச் சாவித்துளையில் தெளித்து, பல ஆண்டு அழுக்கு வெளியேறும்வரை சாவியைச் செருகி எடுத்துத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் சிறிதளவு கிராஃபைட் தூளை இடுங்கள். எஞ்சின் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும். தேய்ந்த சாவியை நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். அசல் சாவியின் குறியீட்டு எண்ணின்படி புதுச் சாவி வெட்டச் செய்யுங்கள்.