பர்மாவுக்குப் போன உதவிப் பணம்: ஜனநாயகத்துக்குக் கைகொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளின் முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள் இன்றும் அசையாமல் நிற்கின்றன. எங்கள் செட்டியார் ஆட்கள் கொண்டுவிக்கப் (கடல் கடந்து வட்டித்தொழில் செய்யப்) போன ஊர்களில் முதலிடம் ரங்கூனுக்குத்தான். அதனால் 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் (பழைய பர்மா) ராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, செட்டிநாட்டில் பலருக்கு அது யாரோ ஒருவர் வீட்டுச் செய்தியாகப் படவில்லை. ராணுவ ஆட்சி தளர்ந்து சீர்திருத்தம் தொடங்கிய 2011-லிருந்து இத்தனை நாடுகள் உதவியும் ஏன் இப்படி ஆனது? உதவுவதே வீண் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். கொடுத்த விதத்தில்தான் தவறு இருந்தது.

பெரிய தவறு, தேர்தல் நடந்துவிட்டால் ஜனநாயகம் வந்துவிட்டது என்று நம்புவது. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடுத்த வாரமே ராணுவ அரசு புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியது. அந்தச் சட்டப்படி நாடாளுமன்றத்தில் நான்கில் ஒரு பங்கு இடம் ராணுவத்துக்கு. முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு வேண்டும். அதாவது ராணுவம் தலையசைக்காமல் எதுவும் மாறாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றும் தளபதி நியமிக்கும் ஆட்களிடம். 2015 தேர்தலில் ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூச்சியின் கட்சி பெருவெற்றி பெற்றபோதும் பெட்டகத்துச் சாவி கை மாறவில்லை. உதவி கொடுத்தவர்கள் கவனித்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

அதற்கு முன்பே, 2013-இல், பாரிஸ் கிளப் (கடன் கொடுத்த அரசுகளின் கூட்டமைப்பு) நாடுகள் மியான்மரின் கிட்டத்தட்ட 1,000 கோடி டாலர் பழைய கடனுக்கு ஒரு வழி செய்திருந்தன. பாதிக்கும் மேல் தள்ளுபடி செய்தன, மீதிக்குத் தவணை கொடுத்தன. சர்வதேச நாணய நிதியம் கொரோனாவுக்காக ஏறக்குறைய 35 கோடி டாலரை அனுப்பியது 2021 ஜனவரியில். சில நாட்களில் ஆட்சி கவிழ்ந்தது. பணத்தைத் திரும்ப வாங்க வழியில்லை. அவசரத்துக்குக் கொடுத்ததில் குற்றமில்லை. ஆனால் ஆபத்தான இடத்தில் தொகையைப் பிரித்துப் பிரித்துத் தர வேண்டும் என்பது வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்த பையனுக்கும் தெரிந்த சங்கதி.

சரி, நம் பக்கத்துப் பாடத்தையும் சொல்லியாக வேண்டும். 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. பேரேட்டில் கணக்கு சரிதான். ஆனால் நிலத்தை இழந்தவன் மனதில் இருந்த கணக்கு எந்த ஐந்தொகையிலும் ஏறவில்லை. 1948-இல் நிலம் நாட்டுடைமை, 1960-களில் வெளியேற்றம். வெளிப்பணம் உள்ளூர்க்காரன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்காமல் உதவுவதும் இதே தவறு.

ஒரே தலைவரை நம்பி மொத்தமாகச் சாய்வது இன்னொன்று. 2017-இல் ராணுவத் தாக்குதலுக்குப் பயந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா (முஸ்லிம் சிறுபான்மை) மக்கள் வங்கதேசத்துக்கு ஓடியபோது, சூச்சியின் மௌனம் அவரை நம்பிய நாடுகளைத் திகைக்க வைத்தது. நீதிமன்றம், பத்திரிகை, தொழிற்சங்கம் என்று பல கைகளைப் பலப்படுத்தியிருந்தால் அவ்வளவு திகைக்க வேண்டியிருக்காது.

வாசகர்களாகிய நாமும் ஒன்றில் ஏமாறுகிறோம். வெளிநாட்டுப் பணம் எல்லாமே ஜனநாயக உதவி என்று நினைக்கிறோம். கலாதான் போக்குவரத்துத் திட்டத்தில் இந்தியா மியான்மரின் சித்வே துறைமுகத்தைக் கட்டியது மிசோரமுக்கு வழி வேண்டும் என்பதற்காக. நல்ல திட்டம்தான், ஆனால் அதை வேறு பெயரிட்டு அழைக்கக் கூடாது.

என்னை அதிகம் வருத்துவது எல்லைப்புறம். சீர்திருத்தம் தொடங்கியதும் பல நாடுகள் தாய்லாந்து எல்லை உதவியைக் குறைத்து யாங்கூன் (பழைய ரங்கூன்) பக்கம் திருப்பின. மே சோட் போன்ற எல்லை ஊர்களில் அகதிகளுக்கு வைத்தியம் பார்த்தவர்களும் பள்ளி நடத்தியவர்களும் பணமுடையில் தவித்தார்கள். 2021-க்கு அப்புறம், ராணுவம் மருந்தை மறித்த கிராமங்களுக்குள் நுழைய முடிந்தது அப்படிப்பட்ட ஆட்களால்தான். இப்போதாவது அவர்களுக்கு நேராகப் பணம் போகட்டும். யாங்கூன் வழியாகச் சுற்றிக்கொண்டு வேண்டாம்.