‘உழைப்பாளி’ என்ற சொல் இல்லாமல் ஐயாவின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பெரியவர் காலமானால் பதினாறாம் நாளுக்குள் உத்தரகிரியைப் பத்திரிகை அச்சாகிவிடும். அதில் ‘அயராத உழைப்பாளி’, ‘குடும்பத்தின் ஆலமரம்’ என்ற இரண்டு தொடர்களும் தவறாமல் இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் அதே பத்திரிகை பக்கத்து வீட்டுக்கும் பொருந்தும். எங்கள் ஐயாவை, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்காக எழுத உட்கார்ந்தபோது நானும் முதல் பக்கத்தை இப்படித்தான் நிரப்பினேன். பிறகு கிழித்துப் போட்டேன். உங்கள் வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுத நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ‘உழைத்தார்’ என்ற வினைச்சொல்லைத் தள்ளிவைத்துவிட்டு, என்ன வேலை செய்தார், எந்த மாதத்தில் செய்தார், எந்தக் கருவியைக் கொண்டு செய்தார் என்று எழுதத் தொடங்குங்கள்.

பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்றால் அதைவிடப் பெரிய வசதி இல்லை. ஆனால் நாற்காலியில் உட்காரவைத்து, கைபேசியில் பதிவை அழுத்திவிட்டு, “உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க ஐயா” என்று மட்டும் கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டபோது எனக்குக் கிடைத்த விடை, “என்னத்தச் சொல்ல, மழை பேஞ்சா வெதச்சோம், பேயாட்டி கெடந்தோம்” என்பதோடு முடிந்தது. மறுநாள் காலையில் கண்மாய்க்கரைக்கு அழைத்துப் போனேன். மடையைப் பார்த்ததும் யார் நீர்ப்பாய்ச்சியாக இருந்தார், எந்தச் செய்க்கு (வயலுக்கு) முதலில் தண்ணீர் திறப்பார்கள், கடைமடைக்காரர்கள் எப்படிச் சண்டைக்கு வருவார்கள் என்று கேட்காமலேயே சொல்லிக்கொண்டு போனார். ஆகவே கேள்வியை இடத்திடமும் பொருளிடமும் விட்டுவிடுங்கள். மச்சில் கிடக்கும் நெல் அளக்கும் பழைய மரக்காலையோ, துருப்பிடித்த ஏர்க்கொழுவையோ, மீன்பிடிக்கும் ஊத்தாவையோ எடுத்து அவர் கையில் கொடுங்கள். கை அதைத் தூக்கிப் பார்க்கும் விதத்திலேயே பாதிக் கதை வந்துவிடும்.

வேலையைக் கேட்கும்போது மாதவரிசை நல்ல துணை. இது வானம் பார்த்த பூமி; வடகிழக்குப் பருவமழையும் கண்மாயும்தான் இங்கே வேளாண்மையின் நாட்காட்டி. ஆடியில் புழுதி உழவுக்கு எத்தனை ஏர் கட்டினார்கள், ஈரம் இல்லாத மண்ணில் நம்பி விதைத்த நெல் எது, நொறுங்கனா சித்திரைக்காரா, ஐ.ஆர்.8 என்ற புது நெல் எப்போது ஊருக்குள் வந்தது, ஐப்பசியில் வரத்துக்காலை யார் யார் வெட்டிவிட்டார்கள், கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்த ஆண்டுகள் எவை, தையில் களத்தில் எத்தனை நாள் படுத்திருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கோடையில் நிலத்தில் வேலை இருக்காது என்பதால் அந்த மாதங்களைத் தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் ஐயா அந்த மாதங்களில் வண்டி கட்டிச் செம்பூராங்கல் ஏற்றியிருக்கிறார். இன்று சுற்றுலாவாசிகள் படமெடுக்கும் பெரிய வீடுகளுக்கெல்லாம் கல் சுமந்த மாடுகளும் வண்டிக்காரர்களும் இருந்தார்கள் என்பதை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

கிணற்றுப் பாசனம் இருந்த குடும்பம் என்றால் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கமலையைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதுங்கள். மாடுகள் சரிவில் இறங்கி ஏறும் வாரி, வடம், வால்கயிறு, கூனை, அதன் தும்பி ஆகிய சொற்கள் எல்லாம் மோட்டார் வந்த பிறகு ஒரே தலைமுறையில் வாயிலிருந்து போய்விட்டன. விடிவதற்கு முன்பே பூட்டி, வெயில் ஏறுவதற்குள் அவிழ்த்த அந்த வேலையின் ஒவ்வொரு அசைவையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டால், ‘கடுமையாக’ என்ற அடைமொழி உங்களுக்குத் தேவைப்படாது.

அடுத்த சிக்கல் ஆண்டுகள். பள்ளிச் சான்றிதழிலுள்ள பிறந்த தேதியை நம்பிவிட வேண்டாம். பல வீடுகளில் அது வாத்தியார் போட்ட தேதி. தமிழ் ஆண்டுப் பெயரைச் சொன்னால் அறுபது ஆண்டுச் சுழற்சியை மனதில் வைத்துச் சரிபாருங்கள். ‘தாது வருசம் பிறந்தவர்’ என்றால் அது 1936–37. ஆனால் பேச்சில் ‘தாது வருசப் பஞ்சம்’ என்று வருவது 1876–77. இரண்டையும் ஒன்றாக்கி, பஞ்சத்தில் பிறந்தவராக ஐயாவைக் காட்டிவிடும் வீடுகள் உண்டு. எதையும் நினைவுகூர முடியாதவரிடம் ஊரறிந்த நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள்: 1953-ல் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி திறந்தது, 1957-ல் அணா போய் நயா பைசா வந்தது, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது, 1969-ல் அண்ணா மறைந்தது. இவற்றில் ஒன்றிலாவது அவருடைய கல்யாணமோ மூத்த பிள்ளையின் பிறப்போ ஒட்டிக்கொண்டிருக்கும்.

காகிதங்களில் இரண்டு எனக்குப் பெரிதும் உதவின. ஒன்று நிலப்பத்திரங்களும் வில்லங்கச் சான்றும். 1985-ல் சிவகங்கை மாவட்டம் பிரியும் வரை காரைக்குடிப் பக்கத்து ஊர்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்கள் 1948 வரை சமஸ்தானத்தில் இருந்து, பிறகு 1974 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தவை. பழைய பத்திரத்தில் மாவட்டப் பெயர் வேறாக இருந்தால் இது நம் பத்திரமல்ல என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1980-ல் பதவி ஒழிக்கப்படும் வரை ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் எழுதிய அடங்கல் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்பது அதில் இருக்கும். அதில் காணும் பசலி எண்ணோடு, அதாவது வருவாய்த்துறைக் கணக்காண்டின் எண்ணோடு, 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆண்டு வரும்; பசலி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். பசலி 1374 என்றால் 1964 ஜூலை முதல் 1965 ஜூன் வரை, அதாவது தனுஷ்கோடிப் புயல் அடித்த ஆண்டின் வெள்ளாமை.

மற்றொன்று மொய் நோட்டு. யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்தால் குடும்பத்தின் உறவுவட்டம் முழுவதும் கண்ணில் தெரியும். நடுவில் திடீரென்று காணாமல் போகும் பெயர்களைப் பற்றியும் கேட்கத் தோன்றும். பழைய அளவுகளைக் கிலோவுக்கு மாற்றப் போகாதீர்கள். மரக்கால் ஊருக்கு ஊர் மாறியது. ‘களத்தில் இத்தனை கலம்’ என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள்.

பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போய் வந்தவர் என்றால் அது தனி அத்தியாயம். ஜப்பானியர் 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு போட்டதும் நடந்தே திரும்பியவர்கள் இங்கே பல வீடுகளில் உண்டு. அந்த வழிநடையைப் பற்றிக் கேட்கும்போது அவசரப்படுத்தாதீர்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

இனி, எழுதத் தயங்கும் பகுதி. வில்லங்கச் சான்றில் எங்கள் மேலமடைச் செய் மூன்று முறை ஒத்திக்கு (அடமானத்துக்கு) போயிருந்தது தெரிந்தபோது, அதைச் சேர்க்கக்கூடாது என்று வீட்டில் எதிர்ப்பு வந்தது. நான் சேர்த்தேன். ஒவ்வொரு ஒத்திக்கும் பின்னால் ஒரு பெண்ணின் கல்யாணமோ மழை பொய்த்த ஆண்டோ இருந்தது. அதை மீட்ட விதம்தான் அவருடைய வாழ்க்கை. அதுபோல அவர் கோபத்தையும், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பேசாமல் கழிந்த ஆண்டுகளையும் மறைத்தால், மிஞ்சுவது மீண்டும் அந்த உத்தரகிரியைப் பத்திரிகைதான். உயிரோடிருப்பவரைப் புண்படுத்தும் பெயர்களை மட்டும் விட்டுவிடலாம்.

அப்பத்தாவைக் கேட்காமல் ஐயாவை எழுத முடியாது. நாற்று நட்டது, களை பறித்தது, நெல் அவித்தது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது யார் என்று கேட்டால் ‘ஐயாவின் உழைப்பு’ என்று நாம் சொல்வதில் பாதி வேறு கைகளுடையது என்று தெரியவரும். வீட்டோடு வேலை செய்தவர்கள், பருவத்துக்குக் கூலிக்கு வந்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகளையும் போய்ப் பாருங்கள். நம் வீட்டார் சொல்லாத ஒன்றை அவர்கள் சொல்வார்கள். அது எப்போதும் புகழ்ச்சியாக இருக்காது.

எழுதி முடித்ததை நாற்பது ஐம்பது பக்கத்துக்குள் நிறுத்தி, எழுத்தைப் பெரிதாக வைத்து, ஓரத்தில் அகலமாக இடம் விட்டு நகலெடுத்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுங்கள். மூத்தோருக்குப் படைக்கும் நாளில் எல்லோரும் கூடுவதால் அன்று வாசித்துக் காட்டுவது எளிது. திருத்தங்கள் அங்கேயே வரும். ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் முரண்பட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் வையுங்கள். கலுங்கு உடைந்த இரவில் ஐயா மண்மூட்டையோடு தண்ணீரில் இறங்கினார் என்று நான் எழுதியிருந்த பக்கத்தின் ஓரத்தில், எங்கள் அத்தை பென்சிலால் “அன்றைக்கு அண்ணன்தான் இறங்கினார், அப்பா ஊரில் இல்லை” என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாவது அச்சில் அந்த வரியை அவர் கையெழுத்திலேயே சேர்த்திருக்கிறோம்.